பிரேதக் குளிரறைக்கு அனுப்பிய பிழையான இறாக்கை பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்கட்கு,

வணக்கம். திருகோணமலையில் மலர்ச்சாலை நடத்துகிறேன். பிரேதம் வைக்க நீங்கள் விற்ற மூன்று தட்டு இறாக்கை பற்றி நான் எழுதும் நாலாவது கடிதம் இது. முதல் மூன்றுக்கும் பதில் இல்லை.

ஓடர் தரும்போதே அளவு எழுதித் தந்தேன். குளிரறையின் உள் அகலம் 5 அடி, நீளம் 8 அடி, கதவு ஒடுங்கிய பக்கம். கால்மாட்டால் உருளையில் இழுத்தெடுக்கும் இறாக்கைதான் அதற்குச் சரி. நீங்கள் அனுப்பியதோ பக்கவாட்டால் ஏற்றுவது. இறாக்கை போக மிஞ்சுகிற இரண்டரை அடிக்குள் தள்ளுவண்டியை விட்டால் ஆள் எங்கே நிற்பது? இதை விற்கிற உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

போன கிழமை ஒரு அம்மாவை, கனடாவிலிருந்து மகன் வரும்வரை நாலு நாள் வைத்திருந்தோம். வெளியே எடுக்கையில் நாலு பேர் நெளிந்து தூக்கியும் தட்டுச் சரிந்தது. மகன் வாசலில் நின்று பார்த்துவிட்டார். கதவு திறந்தே கிடந்ததில் 4 பாகையில் நின்ற குளிர் 11க்கு ஏறியது. உள்ளே இன்னும் இருவர் இருந்தார்கள். இருபது வருடப் பெயர் அன்றோடு அழிந்தது.

உடனே உங்களுக்கு அழைத்தேன். "செத்த ஆளுக்கு எந்தப் பக்கத்தால போனா என்ன ஐயா?" என்றார் உங்கள் ஊழியர். மன்னிக்கவும், இதை என்னால் விட முடியாது. அந்த மகன் காதில் விழுந்திருந்தால்? உங்கள் தாயையும் இப்படித்தான் ஏற்றுவீர்களா?

அதற்கு முதல், அந்த ஊழியரே குறித்த திகதியில், இரவு ரயிலில் கொழும்புக்கு உங்களிடம் வந்தேன். கடை பூட்டு. அன்று போயா, பௌர்ணமி விடுமுறை! வாசல் காவலாளி மட்டும் கதிரை போட்டு இருத்தினார், அவருக்கு நன்றி.

துருப்பிடிக்காத உருக்கு, 304 ரகம் என்று பில்லில் போட்ட இறாக்கைச் சட்டத்தில் இரண்டு மாதத்தில் துரு. கடற்காற்றாம். திருகோணமலைக்கு என்று தெரிந்துதானே விற்றீர்கள்?

தயவுசெய்து வரும் வெள்ளிக்கு முன் சரியான இறாக்கையைப் பொருத்தித் தாருங்கள். பழையதை உங்கள் லொறியிலேயே ஏற்றுங்கள், கூலி நான் தரமாட்டேன். நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு முறைப்பாட்டை, பொருள் வாங்கி மூன்று மாதத்திற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். எனக்கு இன்னும் 16 நாள் இருக்கிறது. பில், அளவுத்தாள், படங்கள் எல்லாம் கோவையில் தயார்.

அந்த ஊழியரை மட்டும் இங்கே அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மலர்ச்சாலை உரிமையாளர்,
திருகோணமலை