‘கரிப்பு மணிகள்’ எங்கள் ஊர் நூலகத்தில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மகளிர் தினத்தையொட்டி, பெண்கள் வாழ்க்கையைச் சொல்லும் நூல்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். அதில் நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணனின் பெயர் விடுபட்டது மனதை வருத்தியது.

என் அம்மா தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்த்தவர். இரவில் பாத வெடிப்புகளில் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கித் தடவிக்கொள்வார். உப்புநீர் பட்ட வெடிப்பு ஆறாது. மறுநாளும் அதே பாத்தியில்தான் இறங்க வேண்டும். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ நாவலில் உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னாச்சியைப் படித்தபோது அம்மாவின் கால்கள்தான் கண்முன் நின்றன. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடிக்கே வந்து அளத்து மக்களோடு பழகி எழுதிய நாவல் அது. வெயிலும் கூலியும் மட்டுமல்ல, மேற்பார்வை செய்பவனின் பார்வைக்குப் பயந்து பயந்து வேலை செய்யும் பெண்ணின் நிலையும் அதில் இருக்கிறது. 1979-இல் அதை எழுதத் துணிச்சல் வேண்டும்.

2009-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அப்படியிருந்தும் எங்கள் ஊர் நூலகத்தில் கேட்டால் ஒரு பிரதிகூட இல்லை. உப்பளம் உள்ள ஊர்களின் நூலகங்களுக்காவது இந்த நாவலை வாங்கி வைக்க வேண்டும். தங்கள் ஞாயிறு இணைப்பில் தொடராக வெளியிட்டாலும் அளத்து வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தூத்துக்குடி மாவட்டம்.