நியூட்டனுக்கு இரண்டு பிறந்தநாள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூட்டன் பிறந்தது 1642 டிசம்பர் 25 என்கிறது என் மகளின் பாடநூல். கைடில் 1643 ஜனவரி 4. எது அச்சுப்பிழை என்று கேட்டாள். இரண்டுமே சரிதான், காலண்டர்தான் வேறு.

ஐரோப்பாவில் முன்பு இருந்த பழைய காலண்டரான ஜூலியன் காலண்டரின் ஆண்டு, சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நிமிடம் நீளம். அது சேர்ந்து சேர்ந்து, மார்ச் 21-ல் வரவேண்டிய சமஇரவு நாள் (பகலும் இரவும் சமமாக இருக்கும் நாள்) 11-ம் தேதிக்கு நகர்ந்துவிட்டது. ஈஸ்டர் பண்டிகையின் தேதியைக் கணக்கிடுவதே அந்த நாளை வைத்துத்தான். எனவே 1582-ல் போப் பதிமூன்றாம் கிரிகோரி, அக்டோபர் 4 வியாழனுக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளி என்று அறிவித்தார். அந்தக் கணக்குக்காக வாதாடிய கிளேவியஸ் ஓர் இயேசு சபைத் துறவி.

ஸ்பெயின் உடனே மாறியது. போப்பை ஏற்காத இங்கிலாந்தில் எலிசபெத் ராணியின் ஆலோசகர் ஜான் டீ திருத்தம் தேவை என்று சொல்லியும் பிஷப்புகள் விடவில்லை, போப் சொன்னதாயிற்றே! அப்புறம் 1752-ல்தான் மாறினார்கள். ஆகவே நியூட்டன் பிறந்தபோது அங்கே பழைய காலண்டர்தான்; அதன் டிசம்பர் 25-தான் புதிய காலண்டரில் ஜனவரி 4. ரஷ்யாவுக்கு லெனின் வரவேண்டியிருந்தது, 1918-ல். அக்டோபர் புரட்சியை நவம்பர் 7-ல் கொண்டாடியது அதனால்தான்.

பாடநூலில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் ‘பழைய காலண்டர்படி’ என்று அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி