எந்த ஸ்கோப் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

உன் துப்பாக்கியில் குறிபார்க்கப் பொருத்தும் தொலைநோக்கிக்காக, அதாவது ஸ்கோப்புக்காக, நீ அனுப்பிய இரண்டின் விவரத்தையும் பார்த்தேன். இரண்டுமே 4 முதல் 16 மடங்கு பெரிதாக்கிக் காட்டும், இரண்டுக்கும் 30 மில்லிமீட்டர் குழாய், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். "நீங்களே ஒன்றைச் சொல்லிவிடுங்கள் அப்பா" என்கிறாய். சொல்ல மாட்டேன். இவ்வளவு நெருங்கி வந்துவிட்ட இரண்டில் எதை வாங்கினாலும் பழுதில்லை. உன் கண்ணுக்கும் கன்னத்துக்கும் எது ஒத்துவருகிறது என்பதுதான் பாக்கி. அதை நான் இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிப் பார்ப்பது?

ஒன்றின் முன்கண்ணாடி 44 மி.மீ., இன்னொன்றுக்கு 50. பெரிய கண்ணாடி என்றால் வெளிச்சம் அதிகம் என்று அதன் பக்கம் சாய்கிறாய் போலிருக்கிறது. கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்துப் பார். கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அதுதான். 16 மடங்கில் 44க்கு 2.75 மி.மீ., 50க்கு 3.1 சொச்சம். நல்ல வெயிலில் கண்பாவையே இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். பகலில் காகித இலக்கைச் சுடுகிற உனக்கு இதில் பெரிய லாபம் இல்லை. தலை கொஞ்சம் நகர்ந்தாலும் படம் சட்டென்று கறுக்காது, அந்த அனுகூலம் 50க்கு உண்டு. ஆனால் அதை உயர்த்திப் பொருத்த வேண்டிவரலாம். அப்போது கன்னம் துப்பாக்கிக் கட்டையில் சரியாகப் படியாது.

குறிவைக்க உள்ளே தெரியும் குறுக்குக்கோட்டில்தான் உண்மையான வித்தியாசம். 44இல் கோடு முதல் குவியத் தளத்தில், அதாவது மடங்கை மாற்றும் கண்ணாடிகளுக்கு முன்னால், இருக்கிறது. மடங்கைக் கூட்டினால் கோடும் சேர்ந்து தடிக்கும், ஆனால் அதிலுள்ள அளவுக்குறிகள் எந்த மடங்கிலும் பொய் சொல்லாது. 50இல் கோடு இரண்டாம் தளத்தில், அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால், இருப்பதால் எப்போதும் ஒரே தடிமன்தான். குறிகள் மட்டும் ஒரு குறிப்பிட்ட மடங்கில்தான் சரியாக இருக்கும், பெரும்பாலும் உச்ச மடங்கில். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். மெல்லிய கோடு இலக்கின் நடுவை மறைப்பதில்லை. அது என் ரசனை, அவ்வளவுதான். தூரம் மாற்றி மாற்றிச் சுடும் எண்ணம் உனக்கு இருந்தால் நான் சொன்னதைக் காதில் வாங்காதே.

குறியை நகர்த்தும் திருகின் கிளிக் கணக்கைப் பற்றி ரொம்ப யோசிக்காதே. மில், எம்.ஓ.ஏ. இரண்டும் கோண அளவுகள்தான். ஒரு கிளிக் 0.1 மில் என்றால் 100 மீட்டரில் குறி 1 சென்டிமீட்டர் நகரும், கால் எம்.ஓ.ஏ. என்றால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். எதுவும் பழகிவிடும். பழகாதது டரட்டின், அதாவது அந்தத் திருகின், பிடிமானம். கண்ணை மூடிக்கொண்டு பத்து கிளிக் திருப்பிப் பார். ஒவ்வொன்றும் விரலில் தனித்தனியாகத் தட்டுப்பட வேண்டும். கொழகொழவென்று நழுவினால், போட்டியில் பதற்றத்தோடு இருக்கும்போது எட்டா ஒன்பதா என்று தடுமாறுவாய்.

அப்புறம், வாங்கும் முன் இரண்டையும் உன் துப்பாக்கியில் வைத்துப் பார்க்க விடுவார்களா என்று கேள். தோட்டா இல்லை என்பதை நீயே திறந்து பார்த்துக்கொள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாதே, அதோடுதானே சுடப்போகிறாய். முதலில் வெற்றுச் சுவரைப் பார்த்து, கோடு கூர்மையாகத் தெரியும்வரை கண்பக்க வளையத்தைத் திருப்பு. முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சமாளித்து உன்னை ஏமாற்றிவிடும். சட்டென்று பார், விலகு, மறுபடி பார்.

அடுத்து 16 மடங்கில் வைத்து, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளில் ஏற்றி, வழக்கம்போல் கன்னத்தைப் பதி. இப்போது கண்ணைத் திற. முழு வட்டம் தெரிகிறதா, ஓரத்தில் கறுப்புப் பிறை விழுகிறதா? ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்த பிறகும் பிறை விழுந்தால், கழுத்தை வளைத்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதே. அறுபது குண்டு சுட்டு முடிப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும்.

எது என்று முடிவானதும் உன் துப்பாக்கியின் மேல் ஸ்கோப் பொருத்தும் தண்டவாளத்தின் அகலத்தையும், ஸ்கோப்பின் முன்பக்க வெளிவிட்டத்தையும் அளந்து அனுப்பு. 50 மி.மீ. என்பது கண்ணாடியின் அளவு, வெளிக்கூடு அதைவிடப் பெரிதாக இருக்கும். ஸ்கோப்பைப் பிடித்து நிறுத்தும் ரிங் எந்த உயரத்தில் வேண்டும் என்று அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை ரிங்குக்குப் பணம் கட்டிவிடாதே.

அன்புடன்,
அப்பா