பாலம் வருது, குனிஞ்சுக்கோ

அன்புள்ள கண்ணம்மா,

ஹோம்ஸ்கூலில் பாட்டுக்கு எந்தப் பாடத்திட்டம் வாங்கலாம் என்று நேற்று போனில் கேட்டாய். அடுப்பில் பால் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. எதையும் வாங்காதே. நான் உனக்குப் பாடியதை நீ உன் மகளுக்குப் பாடு, போதும்.

ஈரி கால்வாய்ப் பாட்டு நினைவிருக்கிறதா? சாப்பாட்டு மேசைதான் பாலம். நீயும் தம்பியும் போர்வைமேல் உட்கார்ந்திருப்பீர்கள், நான் நுனியைப் பிடித்து இழுப்பேன். பாலம் தாழ்வாக இருக்கிறது, எல்லாரும் குனியுங்கள் என்ற வரி வந்ததும் இருவரும் தரையோடு தரையாகப் படுத்துவிடுவீர்கள். ஒரு வாரம் அதையே பாடிய பிறகுதான் வரைபடத்தை விரித்தேன். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல், 1825இல் திறந்தார்கள், படகுகளை இழுத்தவை கோவேறு கழுதைகள், பாட்டில் வரும் சால் அப்படி ஒரு கழுதைதான் என்றெல்லாம் சொன்னேன். நீ கேட்டது ஒன்றுதான்: "சாலுக்குக் கால் வலிக்காதாம்மா?" அதற்காகவே டீவிட் என்ற ஊரில் பழைய கால்வாய்க் கரைக்கு, கழுதைகள் நடந்த அதே பாதைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். இரண்டு மைல் தாண்டுவதற்குள் தூக்கிக்கொள்ளச் சொன்னாய். பாட்டில் வரும் பதினைந்து மைல் எவ்வளவு தூரம் என்று அன்றைக்குத்தான் உனக்குப் புரிந்தது.

துள்ளலான மெட்டுதான். ஆனால் கழுதைகளின் இடத்துக்கு இயந்திரம் வந்துகொண்டிருந்த காலத்தில் எழுதிய பாட்டு அது. அதை இப்போதே சொல்ல வேண்டாம். கொஞ்சம் வளர்ந்ததும், சால் என்ன ஆனாள் என்று அவளே கேட்பாள்.

சுதி சேரவில்லை என்று தயங்கி, போனில் பாட்டைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடாதே. ரூத் கிராஃபோர்ட் சீகர் பெரிய இசையமைப்பாளர். அவரே மேரிலாந்தில் ஒரு மழலையர் பள்ளியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடிப் பார்த்த பிறகுதான், 1948இல் குழந்தைகளுக்கான அமெரிக்க நாட்டுப்பாடல் தொகுப்பை வெளியிட்டார். வரியை மாற்றலாம், குழந்தையின் பெயரை நுழைக்கலாம் என்பது அவர் கட்சி. நானும் அதே கட்சி.

அப்புறம், நாட்டுப்பாடல் பாடகி எலிசபெத் காட்டனைப் பற்றிக் குட்டியிடம் கட்டாயம் சொல். அவளும் இடது கைக்காரிதானே! வட கரோலினாவில் பிறந்த காட்டன், கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து மெட்டைக் கட்டைவிரலால் வாசித்தவர். சிறுமியாக இருந்தபோதே சரக்கு ரயிலைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். பிறகு குடும்பம், வீட்டுவேலை என்று பல பத்தாண்டுகள் கிட்டாரைத் தொடவே இல்லை. வாஷிங்டனில் ஒரு கடையில் தொலைந்துபோன சிறுமியைத் தாயிடம் சேர்த்தார். அந்தத் தாய்தான் ரூத். காட்டன் அவர் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். அறுபது வயதுக்கு மேல்தான் முதல் இசைத்தட்டு. 1985இல் கிராமி இசை விருது. குட்டி பென்சிலை எந்தக் கையில் பிடித்தாலும் யாரும் திருத்தாதீர்கள், சரியா?

சனிக்கிழமை வீடியோவில் வருகிறேன். மேசையை ஒழித்து வை. போர்வையை நீ இழு. பாலம் வந்ததும் நானும் இங்கே குனிகிறேன்.

அன்புடன்,
அம்மா