ஜாஸ் கிட்டார் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டை அறிமுகப்படுத்தும் வகுப்புகள் பெரும்பாலும் 1928-ஆம் ஆண்டின் தீ விபத்தில் தொடங்கி, 1939-இல் போர் மூண்டதோடு முடிந்துவிடுகின்றன. அவருடைய பிற்காலத்துக்கும் பாடத்தில் இடம் தருமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

விபத்தைச் சொல்லத்தான் வேண்டும். பெல்ஜியத்தின் லிபெர்ஷியில் 1910-இல் மனூஷ் பிரிவைச் சேர்ந்த, நாடோடி மரபுகொண்ட ரோமா இனக் குடும்பத்தில் பிறந்து, பாரிஸின் புறநகரில் வண்டிவீடுகளில் வளர்ந்த அவருக்கு, மனைவி விற்பதற்காகச் செய்துவைத்திருந்த எளிதில் தீப்பற்றும் செல்லுலாய்டு பூக்களில் பற்றிய தீயால் இடக்கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் முடங்கின. ஆனால், இரண்டே விரலில் வாசித்த அதிசயம் என்று வியந்து கடந்துவிடாதீர்கள். தனி வாசிப்பில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கழுத்துப் பலகையின் நீளவாக்கில் ஏறி இறங்கின. பல சுரங்களை ஒருசேர ஒலிக்கும் கார்டு (chord) பிடிக்கையில், முடங்கிய விரல்களையும் மெல்லிய தந்திகளின் மீது பதித்துக்கொண்டார். இதைக் கிட்டாரில் வாசித்தே காட்டுங்கள்.

வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு 1934-இல் உருவான ஐவர் குழுவில் டிரம்ஸ் கிடையாது. அந்த வேலையைத் துணைக் கிட்டார்களே பார்த்தன. அந்த இசை இன்றும் பரவலாக வாசிக்கப்படுவதில் எனக்கும் மகிழ்ச்சியே. போர் மூண்டபோது கிராப்பெல்லி லண்டனிலேயே தங்கிவிட, பாரிஸ் திரும்பிய ஜாங்கோ வயலினுக்குப் பதிலாகக் கிளாரினெட்டைச் சேர்த்துக்கொண்டு 1940-இல் 'நுவாஜ்' என்ற தம் மெட்டைப் பதிவுசெய்தார். நாஜிகள் ரோமா மக்களைக் கொன்று குவித்த அந்த ஆண்டுகளில், 1943-இல், சுவிட்சர்லாந்துக்குத் தப்பிச்செல்லவும் முயன்றார்.

போருக்குப் பின் அமெரிக்க ஜாஸ் இசைக்குழுத் தலைவர் டியூக் எலிங்டனோடு அமெரிக்காவில் வாசித்தார், மின்கிட்டாருக்கு மாறினார், தம்மைவிட இளையவர்களின் பீபாப் என்ற புதிய ஜாஸ் பாணியை உள்வாங்கிக்கொண்டார். 1953 மார்ச்சில் அதே 'நுவாஜை' பியானோ, பாஸ், டிரம்ஸ் துணையோடு மீண்டும் பதிவுசெய்தார். மின்கிட்டாரின் நீளும் கார்வையை நம்பி, ஒரு சுரத்தை முழுமையாக ஒலிக்கவிட்டு அடுத்த சுரத்துக்குப் போகும் நிதானம் அந்தப் பதிவெங்கும் கேட்கிறது. ஏப்ரல் 8-ஆம் தேதி இளம் பியானோ கலைஞர் மார்ஷியல் சொலாலோடு கடைசியாகப் பதிவு செய்தவர், மே 16 அன்று பிரான்ஸின் சாமுவா-சுர்-சேனில் மூளை இரத்தக்கசிவால் சரிந்து விழுந்து காலமானார். வயது 43.

1940-இன் 'நுவாஜையும்' 1953-இன் 'நுவாஜையும்' ஒரே வகுப்பில் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்து, இரண்டிலும் அவருடைய தனி வாசிப்பைச் செவிவழியாகவே எழுதிவரும்படி மாணவர்களைப் பணியுங்கள். இசைக்குறிப்பைப் படிக்கத் தெரியாமல், கேட்டே கற்ற கலைஞரை அணுக அதுவே தகுந்த வழி.

அன்புடன்,
ஜாஸ் ரசிகர் ஒருவர்