தொட வேண்டாத இயந்திரமும் திட்டு வாங்கும் ஊழியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிறுவனங்களின் செயல்திறனை உயர்த்துவது பற்றிய கட்டுரைகளில் இப்போது தரவுப் பகுப்பாய்வும் செயற்கை நுண்ணறிவுமே பேசப்படுகின்றன. ஆனால் நூறாண்டுகளுக்கு முன்பே தொழிற்கூடங்களில் பிறந்த ஓர் எளிய பாடத்தைப் பல நிர்வாகங்கள் இன்னும் கற்கவில்லை என்பதை, தரக் கட்டுப்பாட்டுத் துறையில் பணியாற்றியவன் என்ற முறையில் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் தொலைபேசிக் கருவி உற்பத்தி நிறுவனமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கில் இருந்த வால்டர் ஷூஹார்ட் 1924-இல் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம்தான் அந்தப் பாடம். அளந்த எண்கள் வரிசையாகப் புள்ளிகளாகக் குறிக்கப்பட்டு, சராசரிக்கு மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் (திட்ட விலக்கம் என்பது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு) எல்லைக் கோடுகள் இடப்படும். அவற்றுக்குள் ஒழுங்கின்றிச் சிதறும் ஏற்ற இறக்கம் அந்தச் செயல்முறையின் இயல்பு. கோட்டைத் தாண்டும் புள்ளிக்கோ தனியான காரணம் இருக்கக்கூடும், அதைத் தேட வேண்டும்.

நான் பணியாற்றிய ஒரு தொழிற்சாலையில், தண்டின் விட்டம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வோர் உருப்படிக்குப் பிறகும் இயந்திரத்தைத் திருத்தி வைப்பார்கள். அக்கறையோடுதான் செய்தார்கள். ஆனால் நிலையாக ஓடும் இயந்திரத்தை, விலகிய அளவு முழுவதையும் ஈடுகட்டும்படி ஒவ்வொரு முறையும் திருத்தினால், விலக்க வர்க்கச் சராசரி இரு மடங்காகிறது; அதாவது அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் ஏறத்தாழ 41 விழுக்காடு கூடுகிறது. வரைபடத்தை மாட்டி, தேவையின்றித் தொடுவதை நிறுத்திய பிறகே எங்கள் கழிவு குறைந்தது.

இதே தவறு அலுவலக அறைகளில் நடக்கும்போது பாதிக்கப்படுவது மனிதர். ஒரு மாதம் விற்பனை தாழ்ந்தால் கண்டனம், மறுமாதம் உயர்ந்தால் பாராட்டு. இரண்டுமே வழக்கமான ஏற்ற இறக்கமாக இருக்கும்போது, கண்டனத்தால்தான் விற்பனை உயர்ந்தது என்று மேலாளர் உண்மையாகவே நம்பிவிடுகிறார். அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் 1950-இல் ஜப்பானுக்குச் சென்றபோது, பொறியாளர்களுக்குக் கற்பித்ததோடு நில்லாமல் நிறுவனத் தலைவர்களையும் அழைத்துப் பேசியது இதனால்தான். செயல்முறையின் இயல்பான குறையை ஊழியரால் களைய முடியாது. அதை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடமே இருக்கிறது.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். காலாண்டு லாபம் 'சரிந்தது' என்றோ 'உயர்ந்தது' என்றோ இரண்டு எண்களை மட்டும் ஒப்பிட்டுச் செய்தி வெளியிடாமல், முந்தைய சில ஆண்டுகளின் எண்களையும் சேர்த்து ஒரே வரைபடமாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர்