தன்மின்தடை குறைந்தால் நீர் என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத்தில் மின்சாரம் செலுத்தி நிலத்தடி நீரைத் தேடும் மின்தடை ஆய்வு பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ‘தன்மின்தடை குறைவாக உள்ள இடத்தில் நீர் இருக்கிறது’ என்ற வரி மட்டும் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. (ஒரு பொருள் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவே தன்மின்தடை; அதன் அலகு ஓம்-மீட்டர்.) அதை நம்பித் துளையிட்டு ஏமாந்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் மின்சாரத்தைக் கடத்துவதே இல்லை எனலாம். (கிராஃபைட்டும் சில உலோகத் தாதுக்களும் விதிவிலக்கு.) பாறையின் நுண்துளைகளிலும் வெடிப்புகளிலும் நிற்கும் நீரில் கரைந்த உப்புதான் மின்சாரத்தைச் சுமந்து செல்கிறது. அதனால்தான் வெடிப்பில்லாத கிரானைட் பல ஆயிரம் ஓம்-மீட்டர் காட்டுகிறது. அதே கிரானைட் சிதைந்து ஈரமண்ணாகிவிட்ட இடத்தில் அளவு நூறுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

சிக்கல் களிமண்ணில்தான். அதன் துகள்களின் மேற்பரப்பே மின்சாரத்துக்கு வழிவிடும். நீரையும் நிறையப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் விடாது. ஓரிடத்தில் நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உட்கம்பிகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்தோம். மேலும் ஆழத்தில் இருப்பதை அறியக் கம்பிகளை அகல நகர்த்த நகர்த்த அளவு 10 ஓம்-மீட்டர் வரை இறங்கியது. நிலத்துக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. துளையிட்டபோது சாம்பல் நிறக் களிமண் துளைமுனையில் அப்பிக்கொண்டு வந்தது. கத்தியால் சுரண்டித்தான் எடுக்க முடிந்தது. ஒரு வாளி நீர்கூட ஊறவில்லை. உப்பு நீர் ஊறிய மணலும் அதே 10-ஐக் காட்டியிருக்கும். நன்னீர் நிறைந்த மணலோ பெரும்பாலும் இதைவிட அதிகமாகவே காட்டும்! நீரின் தன்மைக்கும் பாறையின் தன்மின்தடைக்கும் ஆர்ச்சி என்ற ஆய்வாளர் 1942-இல் வெளியிட்ட தொடர்புகூடக் களிமண் கலவாத மணலுக்கே பொருந்தும்.

அடுக்கின் தடிமனைக் கணிப்பதிலும் இதே குழப்பம்தான். தன்மின்தடை மிகுந்த பாறைகளுக்கு நடுவே ஆழத்தில் 20 ஓம்-மீட்டர் அடுக்கு 10 மீட்டர் இருந்தாலும், 10 ஓம்-மீட்டர் அடுக்கு 5 மீட்டர் இருந்தாலும் மேலே எடுத்த அளவுகளை வரைந்தால் கிடைக்கும் வளைவு ஏறக்குறைய ஒன்றுதான். அருகில் ஏற்கெனவே போட்ட துளையின் மண் விவரம் கையில் இல்லாமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கட்டுரையின் அட்டவணையில் ஒவ்வொரு மண்ணுக்கும் பாறைக்கும் ஒரே எண் தரப்பட்டிருந்தது. அடுத்த இதழில் கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். களிமண்ணும் உப்பு நீர் மணலும் ஒரே எண்ணில் வந்து நிற்பது அப்போது வாசகர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
நிலத்தடி நீர் ஆய்வுப் பணியில் உள்ள வாசகர்